சக்கரநாற்காலியிலிருந்து சாரதி இருக்கைக்கு

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் திருகோணமலையில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். வயது 26. எனக்கும் கூட்டாளிமாருக்கும் கார்ப் பந்தயம் என்றால் உயிர். என் மச்சான் முன்பு மோட்டார் சைக்கிளைப் பறக்க விட்டவர். தென்னையால் விழுந்து இப்போது இடுப்புக்குக் கீழ் இயக்கமில்லாமல் சக்கரநாற்காலியில் இருக்கிறார். அவரையும் அவரைப் போன்ற பத்துப் பேரையும் ஒருநாள் வேகமான காரில் ஏற்றிச் சந்தோஷப்படுத்த நினைக்கிறோம். கூட்டாளியிடம் சிவிக் ஒன்று இருக்கிறது. விடியப்புறம் நிலாவெளி வீதியில் வாகனம் குறைவு. ஒரு கடைக்காரர் ரீ-சேட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உடம்பு விஷயம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அம்மா, "இருக்கிற உயிரையும் எடுத்துப் போடாதேங்கோ" என்கிறா. இதைச் செய்யலாமா?

பதில்: தம்பி, செய்யலாம். ஆனால் நிலாவெளி வீதியில் செய்யக் கூடாது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

விடியப்புறம் அந்த வீதியில் காரும் பஸ்ஸும் குறைவுதான். மீன் பெட்டி கட்டிய சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் அந்த நேரத்தில்தான் ஓடும். இரவு முழுக்கத் தாரின் சூட்டில் படுத்த மாடுகள் எழும்ப மனமில்லாமல் நடு வீதியிலேயே கிடக்கும். குடியிருப்புப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே காருக்கு 70 என்பதுதான் சட்டம். பொது வீதியில் பந்தயம் ஓடுவது குற்றம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதோடு, பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ பாவித்த வாகனம் அடிபட்டால் பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்கள் ஒரு சதமும் தராது. உங்கள் மச்சானின் முதுகு ஒருமுறை முறிந்தது போதும்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் கராஜ் இருக்கிறது, சிவிக் இருக்கிறது, ரீ-சேட் கூட இருக்கிறது. மச்சான் என்ன சொன்னார் என்பதுதான் இல்லை. அவரிடம் கேட்டீர்களா? அவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்ட நினைக்கிறீர்களா, அல்லது ஸ்டியரிங்கை அவர் கையில் கொடுக்க நினைக்கிறீர்களா?

இரண்டும் ஒன்றல்ல. நான் இயன்மருத்துவர் என்பதால் உடம்பின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கார் வளையும்போது நீங்களும் நானும் காலை ஊன்றி, இடுப்பை இறுக்கி, வயிற்றுத் தசையால் உடம்பைப் பிடித்து வைக்கிறோம். அதைச் செய்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் பிடி முழுதாகவோ பாதியாகவோ இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தால் பிரேக் எப்போது வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியாது. லொறியில் ஏற்றிய அரிசி மூட்டை மாதிரி அங்கும் இங்கும் சரிவார். பயம் வரும், பயத்தை விட வெட்கம் கூட வரும். அதே ஆள் சாரதி இருக்கையில் இருந்தால் பிரேக் போடப் போவது அவர். எப்போது சாய வேண்டும் என்பது தோளுக்கும் கழுத்துக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஆகவே என் விருப்பம், ஓட்டக் கூடியவர் ஓட்டட்டும். ஓட்ட முடியாதவர் அல்லது விரும்பாதவர் பயணியாக வரட்டும். எது வேண்டும் என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

மூதூர்ப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிழைப்புக்கு முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். மெக்கானிக்கான உங்களுக்கு இது உடனே பிடிபடும்: அந்த வண்டியில் அக்சிலேற்றர் வலது கையில், கிளச்சும் கியரும் இடது கையில், காலுக்கு மிஞ்சியிருப்பது பிரேக் மட்டும். அந்த மிதியிலிருந்து ஒரு கம்பியை மேலே எடுத்துக் கைப்பிடி போட்டிருக்கிறார். வியர்வையில் வழுக்காமல் இருக்கக் கைப்பிடியில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றியிருக்கிறார். கால்கள் இரண்டையும் பழைய சாரத் துண்டால் சேர்த்துக் கட்டி ஒரு பக்கமாக வைத்திருப்பார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, என்ன ஆசை இருக்கிறது என்று கேட்டேன். நடப்பது பற்றி ஏதும் சொல்வார் என்று நினைத்தேன். "கிண்ணியாப் பாலத்தில ஆரும் இல்லாத நேரம் ஒருக்கா முழுக்க முறுக்கிப் பாக்கோணும்" என்றார். பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

உலகத்தில் இதை நாம்தான் முதலில் யோசிக்கிறோம் என்றும் இல்லை. சுவிற்சர்லாந்தின் கிளே ரெகட்சோனி ஃபோர்முலா ஒன் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1980 இல் லோங் பீச்சில் நடந்த விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழ் இயக்கமில்லை. கைக் கட்டுப்பாடு பூட்டிய வாகனங்களில் பாலைவன ரலி வரைக்கும் போனார். இத்தாலியின் அலெக்ஸ் சனார்டி 2001 இல் இரண்டு கால்களையும் இழந்தார். 2005 இல் பி.எம்.டபிள்யூ காரில் 'வேர்ல்ட் ரூறிங் கார்' என்ற உலகக் கார்ப் போட்டியில் ஒரு பந்தயத்தை வென்றார். அக்சிலேற்றரைக் கையால் கொடுத்தார், பிரேக்கைச் செயற்கைக் காலால் மிதித்தார். அமெரிக்காவின் சாம் ஷ்மிட் கழுத்துக்குக் கீழ் அசைவில்லாதவர். 2014 இல் இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலில் தலை அசைவாலேயே திசையை மாற்றி வேகத்தைக் கூட்டியும், வாயில் வைத்த கருவியைக் கடித்துப் பிரேக் போட்டும் கொர்வெற் கார் ஓட்டினார்.

இவர்கள் பெரிய பணக்கார உலகத்து ஆட்கள். உங்களுக்குப் பக்கத்தில் வரக்கூடிய உதாரணம் பிரித்தானியாவின் நத்தலி மெக்லொய்ன். 16 வயதில் கார் விபத்தில் கழுத்து முறிந்தவர். போர்ஷே காரில் பந்தயம் ஓடியவர். அதோடு நிற்காமல் 'ஸ்பைனல் ட்ராக்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். கைக் கட்டுப்பாடு பூட்டிய கார்களில், பந்தயத் திடலில், உடல் இயலாமை உள்ளவர்களை ஓட்ட வைப்பதுதான் அவர்கள் வேலை. நீங்கள் கேட்பதும் ஏறத்தாழ அதுதான், திடல் ஒன்றுதான் இல்லை.

திடல் இல்லாதது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய குறையும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு. 20 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 36 கிலோமீற்றரில் கார் சுற்றினால், உள்ளே இருப்பவரை அவர் எடையில் பாதி அளவான விசை பக்கவாட்டில் தள்ளும். 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ. நேர் வீதியில் 120 இல் போனாலும் உடம்புக்கு இந்த உணர்வு வராது. வேகம் என்று நாம் ரசிப்பதில் பெரும்பங்கு முடுக்கம், பிரேக், வளைவு. மீற்றரில் முள் எங்கே நிற்கிறது என்பதில்லை. நிறுத்தக் கூம்புகளை வரிசையாக வைத்து அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுவதற்கு மட்டமான, தார் அல்லது கொங்கிரீட் போட்ட, ஆள் நடமாட்டத்தை முற்றாக மறிக்கக் கூடிய ஒரு வெளி போதும். 100 மீற்றர் நேர்ப்பாதை கிடைத்தால் 60 வரை ஏற்றி, முழுப் பிரேக் போட்டு நிறுத்தலாம். நல்ல ரயரோடு காய்ந்த தாரில் 60 இலிருந்து நிற்க 20 மீற்றர் அளவு போகும். அதற்கப்பால் மதிலோ மரமோ பார்வையாளரோ இல்லாத இன்னொரு 100 மீற்றர் வெறுமை வேண்டும், யாராவது பிரேக்குக்குப் பதிலாக மற்றதை இழுத்துவிட்டால் ஓடி நிற்க. மணல் பறந்து கிடக்கும் தரை வேண்டாம். நம்மூரில் கடலோர வெளிகள் எல்லாம் அப்படித்தான், காலையில் கூட்டிவிட்டால் பத்து மணிக்குத் திரும்ப மணல் வந்துவிடும்.

இடத்துக்கு உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி, பொலிஸுக்கு அறிவிப்பு, நிகழ்ச்சிக்கென்று தனியான காப்புறுதி. இந்த மூன்றும் இல்லாமல் சாவியைப் போடாதீர்கள்.

பார்வையாளர் விஷயம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், ஒரு சிறு பிள்ளையும் அதில் அடக்கம். அங்கே ஓடியவர்கள் பழகிய சாரதிகள். உங்கள் நிகழ்ச்சியில் ஓடப் போகிறவர்கள் முதன்முறையாகக் கையால் பிரேக் போடுகிறவர்கள். சக்கரநாற்காலியில் காத்திருப்பவரால் கார் தன் பக்கம் வந்தால் பாய்ந்து விலக முடியாது. ஆகவே காத்திருக்கும் கூடாரம் பாதையின் வெளி வளைவுப் பக்கம் இருக்கவே கூடாது. தூரத்தில், நிழலில், மண் மூட்டை அடுக்கிய தடுப்புக்குப் பின்னால் போடுங்கள்.

காருக்கு வருவோம். கூட்டாளியின் சிவிக் மனுவல் கியராக இருந்தால் அதை வீட்டில் விடச் சொல்லுங்கள். ஒட்டோ கியர் கார்தான் வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் அக்குவா, விற்ஸ் போன்றவை தாராளம். மிதிவெடியில் இடது கால் போனவர், வலது கால் நன்றாக இருந்தால், அந்தக் காரில் ஒரு ஆணி கூட மாற்றாமல் ஓட்டலாம். வலது கால் இல்லாதவருக்கு அக்சிலேற்றரை இடது பக்கத்துக்குக் கொண்டுவரும் மிதி உண்டு. இரண்டு காலும் இயங்காதவருக்குக் கைக் கட்டுப்பாடு வேண்டும். வழக்கமான வடிவம் ஒரே நெம்புகோல்: முன்னே தள்ளினால் பிரேக், இழுத்தாலோ முறுக்கினாலோ அக்சிலேற்றர். மற்றக் கை ஸ்டியரிங்கில், ஒற்றைக் கையால் சுழற்றுவதற்கு ஒரு குமிழ்.

கம்பியை வளைத்து நானே ஒட்டிவிடுவேன் என்று உங்கள் கை துருதுருக்கும், எனக்குத் தெரியும். மூதூர்க்காரரின் கம்பி சந்தைக்கும் பாடசாலைக்கும் போய்வரும் வேகத்துக்குச் சரி. 60 இல் முழுப் பலத்தோடு தள்ளும்போது ஒட்டு விட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே தயாரித்து விற்கும் கட்டுப்பாட்டை வாங்குங்கள் அல்லது ஏற்கெனவே பூட்டிய காரை இரவல் கேளுங்கள். பூட்டுவதில் உங்கள் திறமையைக் காட்டுங்கள், தயாரிப்பதில் வேண்டாம். பூட்டிய பிறகு நீங்களே காலைக் கட்டிக்கொண்டு முதலில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு விஷயங்களைப் பலரும் மறப்பார்கள். முதலாவது, இயங்காத கால் சும்மா இருக்கும் என்று நினைப்பது. இருக்காது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பலருக்குக் கால் திடீரென்று விறைத்து உதறும். அந்த உதறலில் பாதம் அக்சிலேற்றரில் ஏறினால் கார் பாயும். மிதிகளுக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு பூட்டி, பாதங்களை அகலமான பட்டியால் கட்டி வைக்க வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரின் பிரேக். சாரதிப் பயிற்சிப் பாடசாலைக் கார்களில் பயிற்றுநர் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி வைத்திருப்பார்கள். அப்படி ஒட்டோ கியர் கார் ஒன்று வைத்திருக்கும் பாடசாலையைத் தேடிப் பிடியுங்கள். பயிற்றுநரையும் காரோடு சேர்த்துக் கேளுங்கள். பந்தய ஆர்வமுள்ள கூட்டாளியை விட, தினமும் புதியவர்களின் பிழைகளைக் காலால் திருத்திப் பழகிய அந்த மனிதர் பத்து மடங்கு பெறுமதி.

இனி உடம்பு. நீங்கள் கேட்டதே அதைத்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சின்ன வயதில் போலியோ வந்தவரின் கால் மெலிந்திருக்கும், ஆனால் உணர்வு முழுதாக இருக்கும். எங்கே குத்துகிறது, எங்கே சுடுகிறது என்று அவரே சொல்லிவிடுவார். கால் துண்டிக்கப்பட்டவருக்குச் செயற்கைக் கால் பொருந்தும் இடம் வியர்வையில் வழுக்கும், ஓட்டும்போது கழற்றி வைக்கலாமா என்று கேளுங்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குத்தான் நீங்கள் அதிகம் படிக்க வேண்டும். கீழே என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியாது.

தோலில் தொடங்குவோம். இருக்கையில் உட்காரும்போது எடை தாங்கும் இரண்டு எலும்பு முனைகள் உண்டு. உணர்வுள்ள நாம் அசைந்து அசைந்து இருப்போம். அவர் அசையமாட்டார். அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நின்று, ஒரே நாளில் தொடங்கும் புண் மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும். ஒருவர் சாரதி இருக்கையில் தொடர்ந்து 15 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். பந்தயக் கார்களின் குழி இருக்கை அழகுதான், ஆனால் அதன் உயர்ந்த விளிம்புக்கு மேலால் இழுத்து ஏற்றும்போது தோல் உரியும். சாதாரண இருக்கை நல்லது. சக்கரநாற்காலியின் தடித்த காற்று மெத்தையை அப்படியே தூக்கிக் காரில் வைக்காதீர்கள், பிரேக் போடும்போது உடம்பு முன்னே வழுக்கி பெல்ட்டுக்குக் கீழே போகும். மெல்லிய, உறுதியான மெத்தை போதும். பெல்ட் இடுப்பெலும்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. பின் பொக்கற்றில் போன், சாவி, பேர்ஸ் ஒன்றும் இருக்கக் கூடாது. ஜீன்ஸ் தையல் கூட அழுத்தும், தையல் குறைந்த தளர்வான காற்சட்டையோடு வரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் யாராவது பார்க்க வேண்டும்: சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குள் பழைய நிறத்துக்கு வராவிட்டால் எங்களிடம் கூட்டி வாருங்கள்.

எலும்பு அடுத்தது. வருடக்கணக்கில் எடை தாங்காத கால் எலும்பு இளகிப்போயிருக்கும். கதவில் மோதினாலே முறியலாம். முறிந்தாலும் அவருக்கு வலிக்காது, மாலையில் வீங்கிய பிறகுதான் தெரியவரும். அதனால் ஏற்றி இறக்கும்போது ஒரு ஆளுக்கு ஒரே வேலை, கால்களைப் பார்ப்பது. வேறு எதற்கும் அவரைக் கூப்பிடாதீர்கள்.

ஏற்றுவது எப்படி? தூக்க வேண்டாம். கக்கத்துக்குள் கையை விட்டு இழுக்கவே வேண்டாம், தோள் மூட்டு நழுவும். சக்கரநாற்காலியைக் கார் இருக்கைக்குச் சற்றுச் சரிவாக ஒட்டி நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, ஒரு வழுவழுப்பான பலகையைப் பாலம் போல வைத்து அதன் மேலால் நகர்வார். உங்கள் மச்சான் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் இதைத் தினமும் செய்கிறவர். அவர் எப்படிச் செய்கிறார் என்று முதலில் பாருங்கள், பிறகு எங்கே கை கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்காமல் பிடிக்கிற கை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் அவர் சமநிலையைக் குலைத்துவிடும். பெண்களும் வருவார்கள் என்றால் ஏற்றி இறக்கப் பெண்கள் வேண்டும். கிண்ணியா, மூதூரிலிருந்து வரும் சகோதரிகளுக்கு இது ஒரு நிபந்தனையாகவே இருக்கும். நீங்கள் நாலைந்து பேரும் ஆண்கள் என்றுதான் நினைக்கிறேன். தங்கச்சிமாரைக் கேளுங்கள்.

இப்போது ஒரு பெரிய ஆபத்து. நெஞ்சுக்குழி மட்டத்திலோ அதற்கு மேலோ உணர்வு நின்றுபோனவர்களுக்கு, கீழே ஏதாவது தொந்தரவு நடந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். ஓட்டோனோமிக் டிஸ்ரிஃப்லெக்சியா என்பார்கள். காரணம் அநேகமாக அற்பமாக இருக்கும்: சிறுநீர்ப்பை நிரம்பியது, சிறுநீர் வடியும் கதீற்றர் குழாய் பெல்ட்டில் மடிந்தது, காற்பட்டி இறுகியது. தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து கழுத்துக்கு மேல் வியர்வை, மயிர்க்கூச்செறிவு. இவை தெரிந்தால் வண்டியை நிறுத்தி, அவரை நிமிர்ந்து இருக்க வையுங்கள், கால்களைத் தொங்க விடுங்கள். படுக்க வைக்காதீர்கள். மயக்கம் வந்தவரைப் படுக்க வைத்துப் பழகிய நம் கை இங்கே தவறு செய்யும், படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ட், பட்டி, சப்பாத்து எல்லாவற்றையும் தளர்த்துங்கள், குழாயின் மடிப்பை எடுங்கள், அதில் பூட்டிய பையை வெறுமையாக்குங்கள். நிமிடங்களில் குறையாவிட்டால் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக் கசிவு வரை போகும். உங்கள் மச்சானுக்குப் பாதிப்பு இடுப்புக்குக் கீழ்தான் என்பதால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் பத்துப் பேரைச் சேர்க்கிறீர்கள். கழுத்து முறிந்தவர் அதில் ஒருவராவது இருக்கக் கூடும்.

அதே ஆட்களுக்கு உடம்பின் கீழ்ப்பகுதி வியர்க்காது. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே விட வழியில்லாமல் காய்ச்சல் மாதிரிக் கொதிக்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் இந்த வேலையே வேண்டாம். மாரி ஓய்ந்த பிறகு, மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. ஒன்பதரைக்குள் முடியுங்கள். வெயிலில் நின்ற காரின் பெல்ட் கொளுவியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். உணர்வில்லாத தொடையில் அது பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நனைத்த துவாய்களும், பூவுக்குத் தண்ணீர் அடிக்கும் போத்தல் ஒன்றும் வைத்திருங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று. இவர்கள் பலர் வெளியே போகிற நாளில் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் கதவு நாற்காலிக்குக் காணாது என்பது அவர்கள் அனுபவம். கழிப்பறைக் கதவு குறைந்தது 90 சென்ரிமீற்றர் அகலம், படி இல்லை, உள்ளே நாற்காலி திரும்ப இடமுண்டு என்று நீங்களே போய் அளந்து பார்த்து, அழைக்கும்போதே சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. எந்தக் கார் வருகிறது என்பதை விட இந்தப் படத்தைத்தான் அவர்கள் முதலில் திறந்து பார்ப்பார்கள்.

வலிப்பு உள்ளவர்கள், தலையில் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள், விறைப்புக்கும் நரம்பு வலிக்கும் தூக்கம் வரும் குளிசை எடுக்கிறவர்கள் ஓட்டலாமா என்பதை அவர்களது வைத்தியர் எழுதித் தர வேண்டும். மூடிய இடம் என்பதற்காக இதை விடாதீர்கள்.

கார் நின்று புகை வந்தால் எப்படி வெளியே எடுப்பது? இதை அன்றைக்கு யோசிக்க முடியாது. இரண்டு பேர், பட்டி அறுக்கும் கத்தி, தீயணைப்பான், பூட்டாத கதவுகள். மச்சானை வைத்தே பழகுங்கள், நேரம் பிடித்துப் பழகுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த இரண்டு பேர் கையில் போன் இல்லாமல் பாதை ஓரத்தில் நிற்க வேண்டும்.

போன் என்றதால் அந்த ரீ-சேட்டுக்கும் வருகிறேன். கடைக்காரர் நல்ல மனதோடுதான் தருகிறார். ஆனால் ரீ-சேட், பதாகை, மாலை, பொன்னாடை, முகநூல் நேரலை என்று இது எங்கே போய் முடியும் என்பதை நம்மூரில் நிறையப் பார்த்துவிட்டோம். சக்கரநாற்காலிகளை வரிசையாக நிறுத்தி, பின்னால் பிரமுகர்கள் நின்று படம் எடுத்து, படம் எடுத்ததும் பிரமுகர்கள் போய்விடுவார்கள். கடைக்காரரிடம் பேசி அந்தக் காசை வாகனக் கூலிக்குக் கேளுங்கள். பஸ்ஸில் ஏற முடியாத ஒருவர் மூதூரிலிருந்து மடித்த நாற்காலியை மடியில் அணைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் வந்துபோக எவ்வளவு ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள், ரீ-சேட் கணக்கு மறந்துபோகும். படம் வேண்டுமென்றால் ஓட்டியவரின் போனில் எடுத்து அவரிடமே கொடுங்கள். போடுவதும் விடுவதும் அவர் பாடு.

பத்துப் பேர் என்பதும் முதல் தடவைக்கு அதிகம். ஒருவருக்கு ஏற, பழக, ஓட, இறங்க ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். காலைப் பொழுதில் மூன்று பேர், அதற்கு மேல் போகாதீர்கள். தொண்டர் ஒரு ஆளுக்கு மூன்று பேராவது வேண்டும்.

அம்மா சொன்னதைக் கோபமாக எடுக்காதீர்கள். மச்சான் விழுந்த நாளில் வைத்தியசாலை வாசலில் நின்றவர்களில் அவவும் ஒருவராக இருந்திருப்பா. அவவைச் சமாதானப்படுத்தப் பேச வேண்டாம். கார் நின்ற இடத்தில் நிற்க, எஞ்சின் போடாமல், ஏறி இறங்கும் பழக்கத்தைச் செய்யும் அன்று கூட்டிவந்து ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். எங்கே பிழைக்கும் என்று உங்களை விட அவவுக்குத்தான் முதலில் கண்ணில் படும்.

அந்தப் பழக்கத்தை இந்த மாதமே தொடங்கலாம், அதற்குத் திடலோ கைக் கட்டுப்பாடோ தேவையில்லை. பலகை ஒன்று தச்சு ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாம்: 70 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், விளிம்பெல்லாம் உருட்டி, நன்றாக மினுக்கி, ஆணி எதுவும் இல்லாமல். மச்சானையும் கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு உங்களுக்குக் கிட்டிய வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போய்ச் சொல்லிக் கேளுங்கள், ஏற்றி இறக்கும் முறையைக் கையைப் பிடித்துக் காட்டித் தருவார்கள். உங்கள் பகுதியில் வேறு யாரெல்லாம் ஓட்ட விரும்பக் கூடும் என்பதைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாக விசாரியுங்கள். பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு வரவேண்டாம், உங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். விருப்பமுள்ளவர் தானே எடுப்பார்.